ஜூலை மாத லிஃப்ட் திருப்திகரம்

என் மகள் இளவரசி, சாலையில் ஒரு வண்டிகூட வராத நேரத்திலும் விளக்கு பச்சையாகும்வரை நின்றுதான் கடப்பாள். தில்லியில் அப்படி நிற்கிறவர்கள் மிகக் குறைவு. பின்னால் வருகிறவர்கள் உடம்புக்கு என்ன என்று அவளை விசாரித்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அவளைத் தெரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும். ஆனால் முப்பத்தொரு வருடமாக மத்திய அரசில் கோப்பு எழுதுகிற எனக்கு ஒரு தகவலோடு நிறுத்திப் பழக்கமில்லை.

நான் ராஜவேல். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருபத்துமூன்று வயதில் ஒரு பரீட்சை எழுதி, தில்லிக்கு ரயிலேறி, ஓர் அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, இப்போது செக்‌ஷன் ஆபீசர். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது இளவரசி பிறந்தாள். பிறகு மயூர் விஹாரில் ஒரு சொசைட்டி ஃபிளாட்டுக்கு வந்தோம். நாலாவது மாடி. அவளுக்குத் தமிழ் பேச வரும், நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பதென்றால் கடைப்பலகை அளவுக்குத்தான். இதை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மே மாதம் அவள் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் முடித்தாள். அந்தக் கல்லூரியில் ஒரு விதி உண்டு. கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு கம்பெனியில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்து, கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு சான்றிதழும், ‘கற்ற பாடங்கள்’ என்று ஒரு ரிப்போர்ட்டும் ஜூலை பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் ஆகஸ்டில் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகளின் முன்னால் உட்கார முடியாது. நல்ல கம்பெனிகள் ஆகஸ்டில்தான் வரும். பிறகு வருகிறவை வருகின்றன என்பதோடு சரி. அதனால் எங்கள் வீட்டில் இன்னும் வராத அந்தச் சான்றிதழுக்கு மாப்பிள்ளை மரியாதை.

எனக்குத் தெரிந்த பொதுத்துறை அதிகாரிகளிடமெல்லாம் சொல்லி வைத்தேன். எல்லாரும் “தேக்தே ஹைன்” என்றார்கள். பார்க்கலாம் என்று பொருள். நானும் ஆபீசில் தினம் பத்துப் பேருக்கு அதைச் சொல்கிறவன் ஆகையால் அதன் உண்மையான பொருள் எனக்குத் தெரியும். மே கடைசி வாரம் வந்தும் ஒன்றும் அசையவில்லை. எங்கள் சொசைட்டி லிஃப்டைப் பராமரிக்கிற கம்பெனியின் முதலாளி பத்ராவுக்குப் போன் செய்தேன். “செக்ரட்டரி சாப் கீ பேட்டி, மேரி பேட்டி” என்றார். உங்கள் மகள் என் மகள் மாதிரி. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

நான் செக்ரட்டரியான கதையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கட்டிடம் எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடு. அதில் ஒன்பது வீட்டுக்காரர்கள் தமிழர்கள். பதினோரு வருடம் சோப்ரா என்பவர் செக்ரட்டரியாக இருந்தார். அவர் காலத்தில் எதற்கும் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் எதிர்த்து நின்று ஜெயித்தேன். ஒன்பது வீட்டுக்காரர்களும் அன்று எங்கள் வீட்டில் கேசரி சாப்பிட்டார்கள். ஆறாவது மாடி சாவித்திரியம்மா, வங்கியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபது தாண்டியவர். “இனிமே நமக்குன்னு ஒரு ஆள் இருக்காரு” என்று சொல்லி இரண்டாவது கரண்டியும் வாங்கிக்கொண்டார். எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது.

பதவிக்கு வந்ததும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை நானே திருத்தி எழுதினேன். பதினான்கு ஷரத்து. மாதம் ஒருமுறை மெக்கானிக் வந்து பிரேக், கதவு, கயிறு, பேட்டரி எல்லாவற்றையும் சோதித்து சர்வீஸ் ஸ்லிப்பில் டிக் போட வேண்டும். செக்ரட்டரி பார்வையிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இதில் பேட்டரி முக்கியமான சங்கதி. கரண்ட் போனால் லிஃப்ட் அந்தரத்தில் நின்றுவிடாமல், மெல்லப் பக்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் திறந்துவிடுவது அதுதான். எங்கள் ஜெனரேட்டர் தண்ணீர் மோட்டாருக்கும் காரிடார் விளக்குக்கும் மட்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மெக்கானிக் பகலில் வருவார், நான் பகலில் ஆபீசில் இருப்பேன். கையெழுத்துக்காக ஸ்லிப்புகள் தேங்கின. எதுவும் தேங்குவது எனக்குப் பிடிக்காது. ஆகவே போன வருடம் ஏப்ரலில் ஒரு சீர்திருத்தம் செய்தேன். ஏப்ரலிலிருந்து மார்ச் வரை பன்னிரண்டு ஸ்லிப்பிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கையெழுத்துப் போட்டேன். ‘சோதனை பார்வையிடப்பட்டது, திருப்திகரம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்வித்து, பன்னிரண்டிலும் குத்தினேன். பக்க எண் போட்டு, மூலையில் துளையிட்டு, டேக் கட்டி பத்ராவிடம் கொடுத்தேன். இவ்வளவு நேர்த்தியான ஃபைலைத் தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

கம்பெனி லக்ஷ்மி நகரில் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நோட்டீஸ் வரும், பதிலும் நானே எழுத வேண்டும். இரண்டு அறைகள். ஒன்றில் பத்ரா, மற்றதில் மற்ற எல்லாம். பராமரிப்பில் நாற்பத்துமூன்று லிஃப்ட், மெக்கானிக் இரண்டு பேர். மூத்தவர் பெயர் மாதவ். இளவரசிக்கு மாதவ் பையா, அதாவது அண்ணன். இளவரசி ஜூன் முதல் தேதி இஸ்திரி போட்ட சட்டையும் கனத்த ஷூவும் புது நோட்டுமாகப் போய் நின்றாள். உட்கார ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மறுநாள் விருந்தாளி வந்ததும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் அவளுக்குப் போன் எடுக்கிற வேலை. லிஃப்ட் நின்றுபோச்சு என்று யார் கூப்பிட்டாலும் “ஆத்மி நிகல் கயா ஹை” என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பிவிட்டார் என்று பொருள். ஆள் எதிரே சமோசா சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இவள் “ஆள் சமோசா சாப்பிடுகிறார், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, பத்து நிமிடத்தில் கிளம்புவார்” என்று சொல்லியிருக்கிறாள். இப்படி நாலு வாடிக்கையாளர்களிடம் சொன்ன பிறகு பத்ரா அவளைப் போனிலிருந்து மாற்றி, பழைய சர்வீஸ் ஸ்லிப்புகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையில் போட்டார். ஏதோ பெரிய டெண்டருக்கு அந்த ஸ்லிப்புகள் சாட்சியாக வேண்டியிருந்தது. காகிதத்தோடு இருந்தால் வம்பு இருக்காது என்று அவர் நினைத்திருப்பார். அவருக்கு என் மகளைத் தெரியாது.

இரண்டாவது வாரம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் மனைவி ஜெயலட்சுமி சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஜூலை மாசம் நம்ம லிஃப்ட் எப்படி இருக்கும்?” என்றாள் இளவரசி.

“ஜூலை இன்னும் வரலையேட்டி.”

“வரல. ஆனா திருப்தியா இருந்துச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. டிசம்பர்லயும் திருப்தி. மார்ச்லயும் திருப்தி.”

ஜெயலட்சுமி கரண்டியைக் குழம்புக்குள்ளேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் சீர்திருத்தத்தை விளக்கினேன். ஆபீஸ் நேரம், மெக்கானிக் வரும் நேரம், தேக்கம், தேக்கத்தின் தீமைகள். இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். அது நல்ல அறிகுறி இல்லை.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்றாள் ஜெயலட்சுமி. கேட்டுவிட்டு மறுபடி குழம்பு ஊற்ற ஆரம்பித்தாள்.

“ஏப்ரல், மே, ஜூன் மூணுலயும் பேட்டரி ஓகேன்னு டிக் இருக்குப்பா” என்றாள் இளவரசி. “டிக் ஆபீஸ்லயே போட்டுடறாங்க. மாதவ் பையாகிட்ட கேட்டேன். மத்லப், அதாவது அவர் நம்ம மொட்டை மாடிக்கு வந்தே நாலு மாசம் ஆச்சு. நாப்பத்திமூணு லிஃப்ட், ரெண்டு பேர், எங்க போகன்னு கேக்கறார். நீங்க அந்த ஸ்லிப் எல்லாம் திரும்ப வாங்கிருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது தப்பு என்பதால் அல்ல, சரி என்பதால் வந்த கோபம். “எதுவா இருந்தாலும் எழுத்துல குடு. சோத்துத் தட்ட வச்சுக்கிட்டு நிர்வாகம் பண்ண முடியாது” என்றேன்.

மறுநாள் காலை என் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் இருந்தது. பெறுநர், செக்ரட்டரி. அனுப்புநர், இளவரசி, நாலாவது மாடிக் குடியிருப்பாளர். பொருள், முன்கூட்டியே கையெழுத்திட்ட சர்வீஸ் ஸ்லிப்புகளை ரத்துசெய்வது மற்றும் லிஃப்ட் பேட்டரியைச் சோதிப்பது தொடர்பாக. மூன்று பத்தி. ஒரு சொல் அதிகமில்லை, ஒரு சொல் குறைவில்லை. அவ்வளவு நல்ல கடிதம் என் அமைச்சகத்துக்கே வந்ததில்லை. சொசைட்டிக்கு வரும் கடிதங்களைக் குறிக்கிற டைரியில் பதினாலாம் எண்ணாகப் பதிவுசெய்து, மூலையில் ‘பரிசீலனையில்’ என்று எழுதி, மேசை டிராயரில் வைத்தேன்.

தினமும் சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதே கேட்பாள், “அப்பா, என் லெட்டர்?”

“பரிசீலனையில இருக்கு.”

பரிசீலிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஸ்லிப்பைத் திரும்பக் கேட்டால் சோப்ராவுக்குத் தெரியும், முப்பத்திரண்டு வீட்டுக்கும் தெரியும், ஒன்பது வீட்டுக்காரர்கள் தலை குனிய வேண்டும். இது ஒரு காரணம். இன்னொரு காரணம் பத்ரா. மூன்றாவது வாரம் அவரே போன் செய்தார். “பச்சி படீ தேஜ் ஹை, ராஜவேல்ஜி” என்றார். குழந்தை ரொம்பக் கெட்டிக்காரி. சான்றிதழ் ஜூலை பன்னிரண்டாம் தேதி தயாராக இருக்கும் என்றார். ரிப்போர்ட்டில் மோட்டாரைப் பற்றி எழுதட்டும், கயிறைப் பற்றி எழுதட்டும், காகிதத்தைப் பற்றி எதற்கு என்றும் சொன்னார். குரல் தேனாக இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். “ஆகஸ்ட் முக்கியமா, அந்தத் துண்டுக் காகிதம் முக்கியமா?” என்றும் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “நிஜமா கேக்கறீங்களா, இல்ல சும்மா டயலாக்கா?” என்றாள். நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் முன்னால் ஒப்பந்தத்தின் நகலை வைத்தாள். ஒன்பதாம் ஷரத்தில் கோடு போட்டிருந்தாள். சோதனையைப் பற்றிச் சந்தேகம் எழுந்தால், கையெழுத்திட்ட செக்ரட்டரி லிஃப்டுக்குள் இருக்கும்போது மின்சாரத்தை நிறுத்திப் பார்க்கலாம். கம்பெனியைப் பயமுறுத்துவதற்காக நானே எழுதிய ஷரத்து அது.

“நாளைக்கு லீவு. மாதவ் பையா வரேன்னு சொல்லிட்டார். ஜூன் ஸ்லிப்புல உங்க சைன் இருக்கு. ஒரு தடவ பாத்துருவமே.”

“பாத்துருவோம்” என்றேன்.

“பேட்டரி எடுக்கும்னு நம்பறீங்களாப்பா?”

“நம்பாமயா கையெழுத்துப் போடுவேன்?”

இதற்குப் பெயர் வீம்பு. எங்கள் குடும்பத்தில் இது பரம்பரையாக ஆண்களுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி, நாற்பத்துநாலு டிகிரி வெயில். இளவரசியும் மாதவும் மொட்டை மாடி மெஷின் ரூமில். நான் கீழ்த்தளத்தில், கையில் போனோடு. நான் ஏறி எட்டாம் எண்ணை அழுத்த வேண்டும். பாதி வழியில் அவள் மேலே மெயினை நிறுத்துவாள். பேட்டரி என்னைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்களை நிறுத்திவைப்பது என் பொறுப்பு.

நான் ஏறினேன். கதவு மூடப் போகிற நேரத்தில் ஒரு கை உள்ளே வந்தது. சாவித்திரியம்மா. காய்கறிப் பையில் முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. “செக்ரட்டரி சாரே இருக்கீங்களா, நல்லதாப் போச்சு” என்றார்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். சோதனை நடக்கிறது, கொஞ்சம் பொறுத்து வாருங்கள் அம்மா. சொல்லியிருந்தால், என்ன சோதனை என்று கேட்பார். என் கையெழுத்தின் மேல் சந்தேகம் வந்திருக்கிறது, அதுவும் என் மகளுக்கு வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கும். கேசரி சாப்பிட்டுவிட்டு என்னை நம்பியவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. “வாங்கம்மா” என்று நகர்ந்து இடம் கொடுத்து, அவருக்காக ஆறாம் எண்ணையும் அழுத்தினேன்.

போனில் இளவரசி கேட்டாள். “அப்பா, உள்ள நீங்க மட்டும்தானே?”

“எல்லாம் சரியா இருக்கு. நிறுத்து.”

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அதுதான் முப்பத்தொரு வருடப் பயிற்சி.

மூன்றாவது மாடி தாண்டியதும் விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. பேட்டரி பத்து விநாடியில் வேலைசெய்ய ஆரம்பிக்க வேண்டும். நான் மனத்துக்குள் எண்ணினேன். நாற்பதுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

“கரண்ட் போயிருச்சு” என்றார் சாவித்திரியம்மா. குரலில் பதற்றமே இல்லை. பையை ஓரமாக வைத்தார். தரையில் உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கதவிடுக்கில் வருகிற காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாம் வரிசையாக, பழகியவர் செய்கிற மாதிரி நடந்தது.

“பயமா இல்லையாம்மா?”

“இது நாலாவது தடவ சார். ஏப்ரல்ல ஒண்ணு, மே மாசம் ரெண்டு. ஒரு தடவ முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அப்புறம் செக்யூரிட்டி பையா சாவி போட்டுத் திறந்து ஸ்டூல் போட்டு இறக்கிவிட்டாரு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?”

“சொன்னா எழுதிக் கொடுன்னு சொல்லுவீங்க. எழுதினா அது எல்லார் கண்ணுலயும் படும். சோப்ரா கூட்டத்துல எழுந்து கேப்பாரு. இத்தன வருஷத்துல நமக்குன்னு ஒருத்தர் வந்திருக்கீங்க, நானே போய் குறை சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் இப்பல்லாம் படியிலயே ஏறிக்கறேன். ரெண்டு மாடிக்கு ஒரு தடவ உக்காந்துப்பேன். இன்னிக்கு நீங்க உள்ள நின்னீங்களா, சரி, தைரியமா ஏறலாம்னு ஏறிட்டேன்.”

எழுபது வயது தாண்டியவர், சர்க்கரை வியாதிக்காரர், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக ஆறு மாடி ஏறியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இருட்டாக இருந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போன் அடித்தது. “பேட்டரி எடுக்கலப்பா. மெயினைப் போட்டும் லிஃப்ட் எழுந்துக்கல. கையால சக்கரத்தச் சுத்தித்தான் இறக்கணும். அதுக்கு பிரேக் லீவர் வேணும், இங்க இல்ல. கம்பெனிக்கே ரெண்டு லீவர்தானாம். ஒண்ணு ப்ரீத் விஹார்ல ஒரு பில்டிங்ல இருக்கு. மாதவ் பையா ஸ்கூட்டர்ல போயிருக்கார்.”

அப்போது சாவித்திரியம்மா இருமினார்.

“உள்ள யாருப்பா?”

“சாவித்திரியம்மா.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “ஆன்ட்டிக்கு சுகர் இருக்கு” என்றாள். “பையில சாப்பிட ஏதாவது இருக்கான்னு பாருங்க. விசிறிக்கிட்டே இருங்க. நான் நாலாவது மாடிக்கு வரேன்.”

பையில் வாழைப்பழம் இருந்தது. விசிற ஒன்றும் இல்லை. நான் சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்றுகொண்டு, ஒரு முன்னாள் வங்கி மேனேஜருக்கு விசிறினேன். அவர் மரியாதைக்காக என்னைப் பார்க்காமல் வாழைப்பழத்தைப் பார்த்துச் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே வெளிக்கதவு திறக்கிற சத்தம். ஒரு சாண் இடைவெளி தெரிந்தது. இதுவழியா வெளியே எடுக்க முடியாது, யாரும் முயற்சி பண்ணாதீங்க, லிஃப்ட் நகரலாம் என்று அவள் யாரிடமோ இந்தியில் சொல்வது கேட்டது. அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பாட்டிலோடு ஒரு கை இறங்கியது. முழங்கைவரை கிரீஸ். நான் வாங்கிக்கொண்டதும் கை மேலே போய்விட்டது.

மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். லீவர் வந்து, கையால் இறக்கி, மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தார்கள். பாதிக் கட்டிடம் அங்கே நின்றது. முன்னால் சோப்ரா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குளுக்கோஸ் தண்ணீருமாக. நான் பனியனோடு வெளியே வந்தேன். சாவித்திரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னார், “ஒன்றுமில்லை, கரண்ட் போய்விட்டது. செக்ரட்டரி கூட இருந்தார், அதனால் பயமில்லை.”

இளவரசி அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “ஸாரி ஆன்ட்டி. கரண்ட் போகல, நான்தான் ஆஃப் பண்ணேன். உள்ள யார் இருக்காங்கன்னு கேட்டுட்டுத்தான் பண்ணேன்” என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே டைரி எண் பதினாலைப் பைசல்செய்தேன். பன்னிரண்டு ஸ்லிப்பையும் திருப்பி அனுப்பும்படி பத்ராவுக்குக் கடிதம். ஏப்ரல், மே, ஜூன் கையெழுத்துகள் எதையும் பார்க்காமல் போடப்பட்டவை, அதற்கு நானே பொறுப்பு, அவற்றை டெண்டரிலோ வேறு எங்குமோ காட்டக் கூடாது. நகல், அறிவிப்புப் பலகைக்கும் முப்பத்திரண்டு வீட்டுக்கும். அனுப்புமுன் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இத அனுப்பினா சர்ட்டிபிகேட் வராதும்மா.”

“தெரியும். அனுப்புங்க.”

ஜூலை முதல் வாரம் பொதுக்குழுவில் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ராஜினாமா கொடுத்தேன். தமிழர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சோப்ரா மகிழ்ச்சியாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன், பேசவில்லை. முடிந்து போகும்போது தோளில் கைவைத்து, “நான் காகிதம் வைத்துக்கொள்ளவில்லை ராஜவேல்ஜி. ஆனால் மாதம் ஒரு தடவை மேலே ஏறிப் பார்ப்பேன்” என்றார். மறுபடி அவரையே செக்ரட்டரியாகப் போட்டார்கள். நாலு நாளில் புதுப் பேட்டரி வந்தது. சாவித்திரியம்மா இப்போது லிஃப்டில்தான் போகிறார்.

ஆறு வாரத்தையும் முடித்து, ஜூலை பன்னிரண்டாம் தேதி சான்றிதழுக்காக இளவரசி லக்ஷ்மி நகர் படிகளை ஏறினாள். பத்ரா டீ வாங்கிக் கொடுத்தார். லெட்டர்ஹெட் தீர்ந்துவிட்டது, அச்சுக்குப் போயிருக்கிறது என்றார். பதினைந்தாம் தேதி வரை அது அச்சிலேயே இருந்தது. சான்றிதழ் இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் கல்லூரியில் கொடுத்தாள். ‘முழுமையடையவில்லை’ என்று குறித்துக்கொண்டார்கள். ஆகஸ்டில் நல்ல கம்பெனிகள் வந்தன. இவள் வகுப்பில் பாதிப் பேர் டை கட்டிக்கொண்டு போனார்கள். கம்பெனிகள் வந்த மூன்று நாளும் இவள் நூலகத்தில் இருந்தாள்.

டிசம்பரில் ஓக்லாவில் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் ஆறு வாரம் மறுபடி செய்தாள். நான் யாரிடமாவது சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம்பா” என்று மட்டும் சொன்னாள். பனிமூட்டத்தில் இரண்டு ஸ்வெட்டரோடு போய்வந்து, கடைசி நாள் கேட்காமலேயே சான்றிதழ் வாங்கினாள். இப்போது நொய்டாவில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஆகஸ்டில் வந்தவர்கள் கொடுத்ததில் பாதிச் சம்பளம். புகார் எதுவும் சொன்னதில்லை.

அந்த முதல் ரிப்போர்ட்டின் நகல் ஒன்று வீட்டில் கிடந்தது. முப்பத்தொரு பக்கம். படித்தேன். மோட்டார் இருந்தது, கயிறு இருந்தது, ஸ்லிப்பும் இருந்தது. என் பெயரை எங்கும் எழுதவில்லை. ‘கற்ற பாடங்கள்’ என்ற பக்கத்தில் ஒரே ஒரு பாடம். ‘சோதனையைத் தொடங்குமுன் லிஃப்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைச் சோதிப்பவரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நான் போனில் கேட்டேன். உள்ளே இருந்தவர் நம்பகமானவர் என்று எண்ணி அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். இது என் தவறு.’

அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப் போவதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லப்பா” என்றாள், மனதாரத்தான் சொன்னாள். என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிறாள், ஆபீஸ் கதை சொல்கிறாள், என் பிளட் பிரஷர் மாத்திரையை ஞாபகப்படுத்துகிறாள். எல்லாம் முன்புபோலத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது, கேஸ் சிலிண்டரை மூடிட்டேன் என்று நான் சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறாள். மூடித்தான் இருக்கும். மறுபடி செருப்பைப் போட்டுக்கொள்வாள். அவள் அம்மா சொன்னால் போய்ப் பார்ப்பதில்லை.